உறுதிமொழி போட்டோ

ஒரகடம் பக்கத்துப் பள்ளி ஒன்றில் பத்தாம் வகுப்புக்கு நான் ஆசிரியை. மாலை ஆறு மணிக்கு மேல் போனைத் தொடமாட்டோம் என்று பிள்ளைகளை உறுதிமொழி எடுக்க வைத்தேன். எல்லோரும் கை நீட்டி நின்றதைப் படம் பிடித்து, ஏழு மணிக்கு வகுப்பு வாட்ஸ்அப் குரூப்பில் போட்டேன். எட்டு மணிக்குள் அதன் கீழே இதயங்கள் குவிந்தன. படத்தில் கண்ணை மூடியிருந்த ஒருத்தியின் முகத்தை யாரோ ஸ்டிக்கராக்கிச் சுற்றவிட, சண்டையும் வந்தது.

மறுநாள் வகுப்பில் கத்தினேன். "ஒரு நாள் கூடத் தாங்கலையா?"

அந்த ஒருத்திதான் எழுந்தாள். அப்பா, அம்மா இருவரும் கம்பெனி ஷிஃப்டுக்குப் போகிற வீட்டுப் பெண்.

"நீங்க போட்டீங்கன்னுதான் மிஸ் எடுத்தோம். டெய்லி ஹோம்ஒர்க்கும் ஏழு மணிக்கு மேலதான் போடுறீங்க. போனை எடுக்காம இன்னா பண்றது?"

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. குரூப்பைத் திறந்து பார்த்தால், அவள் சொன்னது உண்மைதான்.

அன்றிலிருந்து வீட்டுப்பாடத்தைக் கடைசிப் பீரியடில் கரும்பலகையிலேயே எழுதிப் போட்டேன். ஒரு வாரம் குரூப் அமைதியாக இருந்தது. தலைமையாசிரியர் வந்து பலகையைப் பார்த்துப் பாராட்டினார்.

"நல்ல ஐடியா மேடம். இதை ஒரு போட்டோ எடுத்து, சாயங்காலம் பசங்க குரூப்ல போட்டுடுங்க."