இடப்பக்க முன் இருக்கையில் அக்கா

லூனாஸ் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில், லயத்தின் கடைசி வீட்டில் அக்கா பிறந்தார். பன்னிரண்டு ஆண்டு கழித்து அதே வீட்டில் நான் பிறந்தேன். நடுவில் பிறந்த இருவர் தங்கவில்லை. அதனால் எனக்கு அக்கா பாதி அம்மா என்று உறவினர்கள் சொல்வதுண்டு. அக்கா அதை ஒப்புக்கொண்டதே இல்லை. "பாதி அம்மாவா? முழு போலீசு" என்பார்.

மூன்றாம் படிவம் வரை படித்தார். அம்மாவுக்கு உடம்பு முடியாமல் போனதும் பள்ளியை விட்டுவிட்டுப் பால்மரம் சீவப் போனார். திருமணமாகிக் குருணுக்கு வந்தார். லாரி ஓட்டிக்கொண்டிருந்த அத்தான், மகள் ரீத்தாவுக்கு ஏழு வயதாகும்போது காலமானார். அதன்பின் அக்கா ஒரு தொழிற்சாலை கேண்டீனில் பாத்திரம் கழுவினார், பிறகு சமைத்தார், பிறகு சொந்தமாகக் காலைக் கடை போட்டார். இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் பலருக்கு அவரை அந்தக் கடையின் தோசைக்கல்லுக்குப் பின்னால் பார்த்த முகமாகத்தான் தெரியும்.

நாற்பத்திரண்டாம் வயதில் கார் ஓட்டக் கற்று, மூன்றாவது தேர்வில் தேறினார். "முதல் ரெண்டு தடவையும் பயந்தது அந்த ஆபீசர்தான், நான் இல்ல" என்று கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். வேறொருவர் பத்தாண்டு ஓட்டி முடித்த வெள்ளைக் காரை வாங்கினார். வாராவாரம் அதில் தஞ்சோங் டாவாய்க்குப் போய்க் கடைக்கு மீனும் நெத்திலியும் ஏற்றி வருவார். கண்ணாடியில் செபமாலை தொங்கும், வண்டிக்குள் நெத்திலி மணக்கும். யாராவது மூக்கைச் சுளித்தால், "இறங்கி நடந்து வாங்க, நல்ல காத்து" என்பார்.

அவ்வளவு பேசும் அக்கா, ஒருவர் செய்த வேலையைக் குறை சொல்லிக் கேட்டதில்லை. பதினோரு வயதில் நான் முதன்முதலாக வைத்த மீன் குழம்பில் உப்பு இரண்டு முறை விழுந்துவிட்டது. அக்கா தட்டை வழித்துச் சாப்பிட்டார். பின்கட்டுக்குப் போய்ச் செம்புத் தண்ணீரை நின்றவாக்கில் குடித்ததை நான் ஒளிந்து நின்று பார்த்தேன். இந்தக் குணத்தை அவருடைய நற்பண்பு என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் அது ஒருமுறை அக்காவுக்கே தீங்காக முடிந்தது. அதையும் சேர்த்து எழுதுவதே நியாயம்.

அக்காவுக்குப் புற்றுநோய் வந்து எலும்புக்குப் பரவியது நீங்கள் அறிந்ததே. வாரம் இரண்டு முறை குருணிலிருந்து சுங்கைப் பட்டாணிக்குச் சிகிச்சைக்குப் போக வேண்டும். நான் ஓட்டுவேன், அக்கா இடப்பக்க முன் இருக்கையில், ரீத்தா பின்னால். சாலையில் ஒரு சிறு குழி வந்தாலும் வலி அவர் முதுகில் ஏறியது. வந்துபோக முடியாவிட்டால் வார்டில் சேர்த்துக்கொள்கிறோம் என்று டாக்டர் சொன்னார். அக்காவுக்கு அது மட்டும் ஆகாது.

"படுத்தா என் கட்டில்லதான் படுப்பேன்" என்றார். "சாகுறதா இருந்தாலும் அதுலதான்."

உறவினர்கள் தங்கள் பெரிய வண்டிகளைத் தருவதாகச் சொன்னார்கள். "அதுல ஏற ஏணி வேணும். என் வண்டி என் முதுகுக்குப் பழகினது" என்று மறுத்துவிட்டார். ஆகவே அந்த வண்டியைச் சரிசெய்வதுதான் எனக்கிருந்த ஒரே வழி.

தொழிற்சாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன் நான். மெக்கானிக் வேலை பார்த்துப் பார்த்துக் கற்றதுதான். முன்பக்கம் குலுக்கலைத் தாங்கும் அப்சார்பர் இரண்டும் எண்ணெய் கசிந்து செத்திருந்தன. சக்கரத்தைக் காரின் உடம்போடு பிடித்திருக்கும் லோவர் ஆர்மில், அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும் புஷ் என்ற ரப்பர் வளையங்களும் தேய்ந்திருந்தன. ஸ்பேர் பார்ட்ஸ் கடை முதலாளியான சீனத் தவுக்கே, ஸ்பிரிங்கைத் தன் கடையிலேயே அமுக்கிப் புது அப்சார்பரில் பூட்டிக் கொடுத்தார். அது வீட்டில் செய்கிற வேலை இல்லை, தெறித்தால் ஆளையே அடித்துவிடும் என்றார். மற்றதை ஒரு ஞாயிறு, பூசை முடிந்து வந்து, வீட்டு முற்றத்தில் நானே செய்தேன்.

அக்கா பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து மேற்பார்வை பார்த்தார்.

"என்னடா, கழட்டினதவிட நட்டு கூட இருக்கு?"

"அது பழைய நட்டுக்கா."

"பழசையும் புதுசையும் கலந்துடாத. நேத்து மீனையும் இன்னைக்கு மீனையும் கலக்குற கடைக்காரன் மாதிரி."

மாலை நான்கு மணிக்கு முடித்து ஒரு சுற்று ஓட்டிக் காட்டினேன். வண்டி தண்ணீரில் போவதுபோலப் போனது. "எப்படிக்கா?" என்று கேட்டேன். "கப்பல்டா" என்றார். அந்தச் சொல்லை நான் தொழிற்சாலையில் நாலு பேரிடம் சொன்னேன்.

மூன்று மாதம் கழித்து ஒருநாள், சிகிச்சை முடிந்து திரும்பும் வழியில் அக்கா மெதுவாகக் கேட்டார்: "ஏன்டா, பேசாம வார்டுலயே படுத்துக்கவா?"

நோய் முற்றிவிட்டது என்று நினைத்தேன். வீட்டில் யாரும் அன்று சரியாகச் சாப்பிடவில்லை. அதற்கடுத்த முறை எனக்கு வேலை நேரத்தை மாற்ற முடியாமல் போக, அக்காவும் ரீத்தாவும் வாடகைக் காரில் போய்வந்தார்கள். அன்று மாலை ரீத்தா என்னைக் கூப்பிட்டுச் சொன்னாள்.

"மாமா, கோவிச்சுக்காதீங்க. நம்ம வண்டியில பீடோங் பாலம் வந்தா அம்மா மூச்சப் பிடிச்சுக்கிறாங்க. கால்கிட்ட 'டொக்'குன்னு ஒரு சத்தம் வருது. இன்னைக்கு அந்தக் கார்ல அப்படி இல்ல. பேசிக்கிட்டே வந்தாங்க."

"எத்தன நாளா?"

"ரெண்டு மாசம் இருக்கும். சொல்லக் கூடாதுன்னு சொல்லிட்டாங்க."

வண்டியைத் தூக்கிப் பார்த்தேன். இடப்பக்கம், சரியாக அக்காவின் காலடியில், புது ரப்பர் கிழிந்து தொங்கியது. அதைக் கழற்றி எடுத்துக்கொண்டு நேரே கடைக்குப் போனேன். மட்டமான சாமானை என் தலையில் கட்டிவிட்டீர்கள் என்று கத்தினேன். தோட்டத்து ஆட்களோடு பழகிய தவுக்கே நன்றாகவே தமிழ் பேசுவார். கிழிந்த ரப்பரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"தம்பி, நட் எப்ப இறுக்கின? கார் மேல இருக்கும்போதா, கீழ இருக்கும்போதா?"

"மேல தூக்கி வச்சுதான். வேற எப்படி இறுக்குறது?"

"அதான்லா! சக்கரம் தொங்குது, நீ இறுக்குற. அப்புறம் கீழ இறக்குற, ஆர்ம் மேல ஏறுது. ரப்பர் பாவம்லா, நின்னா முறுக்கு, போனா முறுக்கு. மொதல்ல லேசா போடு, காரக் கீழ இறக்கு, பாரம் வரட்டும். அப்புறம் இறுக்கு."

கடையில் நின்ற மற்றவர்கள் என்னைப் பார்த்தார்கள். நான் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு புது புஷ் வாங்கி வந்தேன். இரண்டு மாதம் அக்காவுக்கு வலி கொடுத்தது நோய் மட்டும் இல்லை, என் வேலையும்தான்.

அடுத்த ஞாயிறு மீண்டும் கழற்றினேன். இந்தத் தடவை நட்டுகளை விரலால் நிற்கும் அளவுக்கு மட்டும் திருகினேன். சக்கரங்களுக்கு அடியில் கெட்டியான பலகைகளை அடுக்கி, அவற்றின்மேல் வண்டியை இறக்கினேன். கீழே நுழையப் போகும்போது அக்கா நாற்காலியிலிருந்து எழுந்தார்.

"இரு, நானும் ஏறிக்கிறேன்."

"எதுக்குக்கா?"

"பாரம் வேணும்னுதானே தவுக்கே சொன்னாரு? இதுல போறவ நான்தானே. என்னை வச்சு முறுக்கு."

"நீங்க நாப்பது கிலோகூட இல்லையேக்கா."

"அப்ப கடைப் பானையையும் ஏத்து."

ரீத்தா கைத்தாங்கலாக அவரை இடப்பக்க இருக்கையில் உட்கார வைத்தாள். நான் அடியில் மல்லாந்து படுத்து இறுக்கினேன். எனக்கு நேர்மேலே அக்கா.

"ஏங்க்கா சொல்லல?"



"மூஞ்சியெல்லாம் கிரீஸோட வந்து நின்னு 'எப்படிக்கா?'ன்னு கேட்டியே. அதுக்கப்புறம் எப்படிடா சொல்றது?"

"வலிக்குதுன்னு சொல்றது."

"சரி, இனிமே சொல்றேன்."

"சத்தியமா?"

"முதல்ல நட்டை முறுக்குடா."

அதற்கடுத்த முறை பீடோங் பாலம் வந்தபோது, நான் சாலையைவிட அவரைத்தான் அதிகம் பார்த்தேன். செபமாலை லேசாக ஆடி நின்றது. எனக்குச் சத்தம் கேட்கவில்லை. ஆனால் என் காதை நம்ப எனக்குத் தைரியம் இல்லை.

"எப்படிக்கா?"

அக்கா யோசித்தார். "நீ போட்டுவிட்ட பெல்ட்டு இறுக்குது" என்றார்.

என் வேலையில் அக்கா சொன்ன முதல் குறை அது. பாலத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அதனால் பாலத்தை நம்பினேன். பெல்ட்டைத் தளர்த்திவிட்டேன். குருண் வந்து சேர்வதற்குள் அக்கா தூங்கிப்போயிருந்தார்.

வார்டுப் பேச்சை அதற்குப்பின் அவர் எடுக்கவில்லை. ஐந்து மாதம் அந்த வண்டியிலேயே போய்வந்தார். ஒரு செவ்வாய்க்கிழமை காலை, தன் கட்டிலில், ரீத்தா கொடுத்த காப்பியில் பாதி குடித்துவிட்டு, அக்கா கண்மூடினார்.

நோய்க்காலத்தில் வீடு தேடி வந்து செபித்த பங்கு மக்களுக்கும், கடையை மூடவிடாமல் தோசைக்கல்லைப் பிடித்துக்கொண்ட அண்டை வீட்டுப் பெண்களுக்கும், பொறுமையாகப் பார்த்த டாக்டர், தாதியருக்கும், என் கத்தலைக் கேட்டுக்கொண்டும் வழி சொன்ன தவுக்கேவுக்கும், சொல்லாதே என்று சொன்ன பிறகும் சொன்ன ரீத்தாவுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

இன்று நினைவுத் திருப்பலி முடிந்து கல்லறைக்குப் போக வண்டி இல்லாதவர்களுக்காக அக்காவின் வெள்ளைக் கார் கோயில் வாசலில் நிற்கிறது. நான்தான் ஓட்டுகிறேன். இடப்பக்க முன் இருக்கையில் உட்காருகிறவருக்கு ஒரு வேண்டுகோள்: காலடியில் ஏதாவது சத்தம் கேட்டால், என் முகத்தைப் பார்க்காமல் சொல்லிவிடுங்கள்.