இழுத்து விட்டால் திரும்புகிற ரப்பர்

என் கடைசி மகள் திருப்பதியில் ஒரு ஆய்வுக்கூடத்தில் வேலை செய்கிறாள். துணைக்கு நானும் விஜயபுரத்திலிருந்து வந்து அவளோடு இருக்கிறேன். சிலிக்கான் ரப்பரைக் கூழாகக் கலக்கி, வெங்காயத்தோல் போல மெல்லிசாக வார்த்து, இறுகியதும் இழுத்துப் பார்ப்பது அவள் வேலை. நாடி பார்க்கிற சின்னஞ்சிறு சென்சாருக்குள் அது போகுமாம். எத்தனை தரம் இழுத்தாலும், விட்டதும் பழைய நீளத்துக்கு வந்துவிட வேண்டும். கொஞ்சம் தொய்ந்தாலும் சென்சார் பொய் சொல்லும் என்பாள். இதைப் பக்கத்து வீட்டாரிடம் நான் சொல்லாத நாள் இல்லை. பெருமைதான், பின்னே என்ன.

போன மழைக்காலத்தில் ஒரு வாரம் அவள் சரியாகச் சாப்பிடவில்லை. என்னவென்று கேட்டேன். வார்த்த ரப்பர் நடுவில் இறுகி, ஓரமெல்லாம் பிசுபிசுவென்றே நிற்கிறதாம். இழுக்கும் மெஷினில் அவளுடைய முறை வெள்ளிக்கிழமை. அதைத் தவறவிட்டால் வேலையை வேறொருவர் கைக்கு மாற்றிவிடுவார்கள். கலவை பழசா, ஈரக்காற்றா என்று எதையெதையோ மாற்றிப் பார்த்தாள்.

புதன்கிழமை சாயங்காலம் ரப்பர் வார்க்கிற அச்சை வீட்டுக்குக் கொண்டுவந்து கழுவினாள். இரண்டு கண்ணாடித் துண்டுகள், அவற்றைச் சேர்த்துப் பிடிக்க ரப்பர் பேண்டுகள். அவை என் சமையலறை ஆணியில் இருந்தவை. சட்னி, பூ என்று எந்தப் பொட்டலத்தைப் பிரித்தாலும் அதன் ரப்பர் பேண்டை எங்கள் வீட்டில் யாரும் எறிவதில்லை. கழுவிக்கொண்டிருந்தவள் கை சட்டென்று நின்றது. ரப்பர் பேண்டு பட்ட இடங்களில்தான் பிசுபிசுப்பு இருந்தது.

“இதுல கந்தகம் கீதும்மா. அது பட்டா சிலிக்கான் இறுகாது. தெரிஞ்ச விசயந்தான். நம்ம வூட்டு ரப்பர் பேண்டாச்சேன்னு யோசிக்காம எத்துனு பூட்டேன்.”

“அது பாட்டுக்கு ஆணியில கெடந்துச்சி. நானா எத்துனு போவச் சொன்னேன்?”

“சேத்து வெச்சது நீதான? உனுக்கும் பாதிப் பங்கு கீது” என்று சிரித்தாள். ஒரு வாரம் கழித்து அவள் சிரித்தது அப்போதுதான்.

அன்றைக்கே இரும்புக் கிளிப்பும் புதுக் கண்ணாடியும் வாங்கினாள். மறுநாள் வார்த்தாள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் வீடியோ காலில் கூப்பிட்டு, போனை மெஷினுக்கு நேராக வைத்தாள். அந்தப் பட்டை நீண்டு நீண்டு, நூலாகிவிடும் போல மெலிந்தது. நான் புடவைத் தலைப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். மெஷின் விட்டது. பட்டை சுருங்கி முன்போலவே நின்றது. மறுபடியும் இழுத்தது, விட்டது. அப்போதும் அப்படியே வந்து நின்றது.

“சாயங்காலம் வரிக்கும் இதேதாம்மா. நீ போய் சாப்புடு” என்றாள்.

“நீ உன் வேலயப் பாரு. நான் பாத்துக்கினு கீறேன்” என்றேன்.