மேகத்துக்குக் கீழே அறுநூறு வீடுகள்

அண்ணி தையல்காரி. அளவுச் சட்டையைக் காகிதத்தில் விரித்து, ஓரத்தை ஒட்டி நூல் பிசகாமல் கோடு இழுப்பார். அதே கைதான் இரண்டு வருடமாகக் கணினியில் எங்கள் ஊரை வரைந்தது. விமானத்திலிருந்து எடுத்த படத்தின் மேல் வீடு வீடாக வரைவார். யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளும் திறந்த வரைபடம் அது. அதைப் பார்த்துத்தான் ஆம்புலன்ஸ் எங்கள் மேட்டுத் தெருக்களுக்குள் வந்து போனது.

வரைய அனுமதியுள்ள படத்தில் மேட்டை ஒரு மேகம் மறைத்திருந்தது. அண்ணி வேறொரு நிறுவனத்தின் தெளிவான படத்தை எடுத்து, அளவுச் சட்டையைப் பார்த்துக் கோடு இழுக்கிற நினைப்பில், அனுமதி கேட்கத் தோன்றாமல் அதன் மேல் வரைந்துவிட்டார். எதைப் பார்த்து வரைந்தார் என்று ஒவ்வொரு வீட்டுக்கும் ஒளிக்காமல் குறிப்பும் எழுதியிருந்தார். அதைக் கண்ட இன்னொரு வரைபடக்காரர், "இதுக்கு அனுமதி இருக்கா?" என்று கேட்டார். அண்ணி நிறுவனத்துக்கே எழுதினார். படம் பார்ப்பதற்கு மட்டும்தான், அதன் மேல் வரையக் கூடாது என்று பதில் வந்தது.

நான் பொறுமைக்குப் பேர்போனவன் இல்லை. "யாரு அண்ணி கண்டா? குறிப்பை மாத்திட்டா ஆச்சு," என்றேன்.

"யார் வேணா எடுத்துக்கோங்கன்னு குடுக்கிறோம். நம்மது இல்லாததை எப்படிப்பா குடுக்கிறது?"

"அப்போ ஆம்புலன்ஸ்?"

அண்ணியின் முகம் வாடிவிட்டது. உடனே ஓட்டுநருக்குப் போன் செய்தார். "தம்பி, மேட்டுத் தெருவெல்லாம் கொஞ்ச நாளைக்கு வரைபடத்துல இருக்காது. எனக்குக் கூப்பிடுங்க, நான் வழி சொல்றேன்."

பிறகு அறுநூற்றுப் பன்னிரண்டு வீடுகளையும் அழித்தார். கடைசியாக எங்கள் வீடு.

மறுநாளிலிருந்து கழுத்தில் அளவு நாடா, கையில் போன் என்று தெருத்தெருவாக நடந்தே மீண்டும் வரைந்தார். வாய்த்துடுக்குக்குத் தண்டனையாக நானும் பின்னால் நடந்தேன். மூன்றாவது வாரம், ஒரு மத்தியானம், ஓட்டுநர் கூப்பிட்டார். நாங்கள் இன்னும் போகாத தெருவில் யாருக்கோ நெஞ்சுவலி. அண்ணி வழி சொல்லிக்கொண்டே ஓடினார். ஐம்பத்திரண்டு வயதில் அப்படியொரு ஓட்டம்! எனக்கே மூச்சு வாங்கியது. அந்தத் தெரு முனையில் நின்று அளவு நாடாவை வீசி வீசிக் காட்டினார். வண்டி தயங்காமல் திரும்பியது.

நோயாளியை ஏற்றிக்கொண்டு வண்டி போனது. அண்ணி தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. இனி யாரும் அந்த முனையில் வந்து நிற்கத் தேவையில்லாதபடி, அப்போதே அந்தத் தெருவை நடந்து வரைந்து முடித்தார்.