முருகனும் இரு தேவியரும் நீந்திய கண்ணாடித் தொட்டி

வேலவன் திருவடி துணை. தைப்பூச நன்னாளாகிய இன்று, கோயில் பூச்சாடியில் எழுந்த பாசிநீர் வாசம், இப்போது வெறுங்காணியாய்க் கிடக்கும் நல்லூர் வண்ணமீன் கடையை எண்பத்தாறாம் ஆண்டுக் கோலத்திலேயே என் கண்முன் நிறுத்தியது.

“பிள்ளை, சின்னத் தொட்டிக்குப் பைற்றர் மீன் ஒண்டு காணும். உவன் சண்டைக்காரன், தனியத்தான் இருப்பான்,” என்றார் கடைக்கார அண்ணை. மீனுக்கு முருகன் எனப் பெயரிட எண்ணியிருந்ததால், தேவியரின்றி முருகனா என்று துணுக்குற்ற நான், “மற்ற ரெண்டும் கூட்டாளியளுக்கு” எனப் பொய் சொல்லி, பட்டாய் விரிந்த செட்டைகளையுடைய மூன்று மீன்களைத் தெரிந்தெடுத்து, வீட்டில் ஒரே தொட்டியில் விட்டுப் பூசைக்குப் போய்த் திரும்பினால், நீரெங்கும் செட்டைக் கிழிசல்கள். வள்ளியும் தெய்வானையும் மல்லாந்து மிதந்தனர்.

எட்டிப்பார்த்த தந்தையார், “எடி பிள்ளை, உந்தப் பட்டுச் செட்டை ஆம்பிளை மீனுக்குத்தான். உன்ரை தேவியரும் ஆம்பிளையளடி!” என்றார்.

உயிர் தப்பிய முருகன் தன் நிழலைக் கண்ணாடியில் கண்டு இன்னும் சீறிக்கொண்டிருந்தான். எனக்கோ அந்தத் திகைப்பு இன்றும் தீரவில்லை.

இதனை வாசிப்போர் இல்லத்து உயிர்களெல்லாம் பகையின்றி வாழக் கந்தன் அருள்க.