பிரஷர் அக்காவின் ஐந்து நிமிடம்

"உக்காருங்க. கால் மேல கால் போடாதீங்க. அஞ்சு நிமிஷத்துக்கு மூச்சு விடறதைத் தவிர வேற வேலை இல்ல."

இதைச் சொல்லிவிட்டுப் பிரஷர் அக்கா சுவர்க் கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்துவிடுவார். எதிரே நாற்காலியில் பார்சல் கட்டும் பெண் ஒருத்தி. நடுவில் அவள் வாயைத் திறந்தால் போச்சு, மறுபடி முதலிலிருந்து ஐந்து நிமிடம். அதற்குப் பிறகுதான் கையில் பட்டையைச் சுற்றி ரத்த அழுத்தம் பார்ப்பார். அதுதான் ஆராய்ச்சி முறை. முறையில் யாராவது கை வைத்தால் அக்காவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும்.

வேலையின் அழுத்தம் உடம்பை என்ன செய்கிறது, கெட்ட உடம்பு வேலையை என்ன செய்கிறது என்று ஆராயும் நிறுவனத்தில் அவருக்குப் பத்தொன்பது வருஷ அனுபவம். நாற்பத்திரண்டு கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண். இந்த வியாதி வீட்டுக்கும் தொற்றிவிட்டது. "தலைவலி தேவலையா?" என்று கணவரைக் கேட்கமாட்டார். "தலைவலி எத்தனை?" என்பார். மூன்று என்றால் மாத்திரை கிடையாது. பாவம், மனுஷர் இப்போதெல்லாம் ஐந்தில்தான் ஆரம்பிக்கிறார்.

இந்தப் பார்சல் கொட்டகைக்கு அக்கா வந்து மூன்று மாதம். வெளியே ஓயாமல் ஓடும் பெல்ட்டில் பெட்டிகள் வரும். பெண்கள் நின்றபடியே டேப் ஒட்டித் தள்ளவேண்டும். மத்தியானம் பத்து நிமிடம் இடைவேளை, அவ்வளவுதான். அக்காவின் அறையிலோ மின்விசிறி, சாய்வு நாற்காலி. ஒருத்தி நாற்காலியிலேயே குறட்டை விட்டாள். அக்கா எழுப்பவில்லை, குறட்டைக்கு விதியில் தடை எதுவும் இல்லை.

கணக்கெடுப்பு முடியும் சமயத்தில் பார்த்தால் எல்லாருடைய எண்களும் தங்கமாக இருந்தன. மேனேஜருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

"பாத்தீங்களாம்மா, இங்க அழுத்தமே இல்ல! அப்புறம் மத்தியான இடைவேளை எதுக்கு? உங்க ரிப்போர்ட்டையே ஆதாரமா வெச்சு திங்கட்கிழமைலேர்ந்து தூக்கிடறேன்."

அக்காவுக்குத் திக்கென்றது. கடைசியாக அளக்க வந்த பெண்ணிடம், "நிஜமாவே உனக்கு ஒண்ணும் பண்ணலையா?" என்று கேட்டார்.

"வெளிய நின்னா தலை கிர்ருனு சுத்துதுக்கா. நாள் முழுக்க நான் சும்மா உக்கார்றது உங்க நாற்காலில மட்டும்தான். இங்க வந்தா எல்லாம் இறங்கிடுது."

அக்கா வெகுநேரம் பேனா மூடியைக் கடித்துக்கொண்டிருந்தார். மூன்று மாதமாக அவர் இந்தப் பெண்களின் வேலையை அளக்கவில்லை. தானே கொடுத்த ஓய்வைத்தான் அளந்திருக்கிறார். அவமானமாக இருந்தது. பயமாகவும் இருந்தது. முறையை மாற்றினால் மூன்று மாத வேலையும் குப்பை என்று தலைமை ஆய்வாளர் சொல்லிவிடுவார். மாற்றாவிட்டால் இந்தப் பெண்களுக்கு அந்தப் பத்து நிமிடமும் போய்விடும்.

மறுநாள் காலை கருவியைத் தூக்கிக்கொண்டு அக்கா நேராகப் பெல்ட்டுக்கே போய், முதலில் நின்ற பெண்ணின் இடது கையில் பட்டையைச் சுற்றினார்.

"இடது கையை மட்டும் அசைக்காம பெட்டி மேல வை. வலது கை பாட்டுக்கு வேலை செய்யட்டும்."

நூற்று அறுபத்திரண்டு. கீழே நூற்று நான்கு.

மேனேஜர் ஓடிவந்தார். "என்னம்மா அநியாயம் இது? அஞ்சு நிமிஷம் உக்கார வெச்சுத்தான் பாக்கணும்னு நீங்கதானே சொன்னீங்க?"

"சொன்னேன் சார். நீங்க உக்கார வெக்கிறதில்லையே."

"ரிப்போர்ட் முடிஞ்சுபோச்சுன்னு நெனச்சேன்."

"இன்னும் அனுப்பல சார்."

படிவத்தில் 'ஓய்வுக்குப் பின்' என்று அச்சடித்திருந்த இடத்தை அக்கா ஒரே கோடாக அடித்தார். மேலே 'வேலையின்போது' என்று எழுதி, எண்ணையும் எழுதினார். பிறகு குனிந்து, அடுத்த பெண்ணின் சட்டைக் கையைச் சுருட்டத் தொடங்கினார்.