கட்டைவிரலுக்கு வலிக்காத பேனா

கல்யாணப் பெண்களுக்கு மைலாஞ்சி, அதாவது மருதாணி, இடுவதுதான் என் தொழில். மட்டாஞ்சேரியில் ஒரு கல்யாணம் என்றால், பெண்ணோடு சேர்ந்து அவள் வீட்டுக் கூட்டமே கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடும். இப்படி மருதாணிக் கோனைப் பிதுக்கிப் பிதுக்கியே என் வலது கட்டைவிரல் பழுதாகிவிட்டது. சோற்றைப் பிசைந்தாலே உயிர் போனது. “இனி கோனைத் தொடாதீங்க” என்று டாக்டர் சாதாரணமாகச் சொல்லிவிட்டார். வரையாமல் நான் என்ன செய்வேன்? வீட்டுக்கு வந்து மூக்கைச் சிந்திச் சிந்தி அழுதேன்.

அந்த நேரத்தில்தான் துணியில் பூ அச்சடிக்கும் கம்பெனி ஒன்று என் டிசைன்களைக் கேட்டது. காகிதத்தில் வேண்டாமாம், கம்ப்யூட்டரில் வரைந்து அனுப்ப வேண்டுமாம். அதற்கு டேப்லெட் என்று ஒன்று வேண்டும்.

என் வீட்டுக்காரருக்கும் அப்போது அப்படி ஒன்று தேவைப்பட்டது. மிளகு மண்டியில் பில் போடுகிறவர் அவர். லோடு எந்த நேரத்தில் கிளம்பினாலும் வீட்டிலிருந்தே பில்லுக்குத் திரையில் கையெழுத்துப் போட்டு அனுப்பச் சொல்லிவிட்டார் முதலாளி. போனில் விரலால் போட்டுப் பார்த்தார். கோழி கிளறியது போல இருக்கிறது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். இரண்டு வாங்க நமக்கு எங்கே வசதி? இருவருக்கும் ஒன்றுதான் என்று பேசிக்கொண்டு இடப்பள்ளியில் இருக்கிற கம்ப்யூட்டர் கடைக்கு பஸ் ஏறினோம்.

கடைக்காரர் மூன்றை எடுத்து வைத்தார். முதலாவது, கையெழுத்துக்கென்றே செய்த உள்ளங்கை அகலப் பலகை. அதில் ஒரு பூ வரையக்கூட இடமில்லை. இரண்டாவதில் திரையே கிடையாது. கை மேசையில், கண் எதிரே கம்ப்யூட்டரில். நான் இழுத்த கொடி எங்கேயோ ஊர் மேயப் போய்விட்டது. மூன்றாவதில் திரையின் மேலேயே வரையலாம். பேனா பட்டதும் கோடு வந்தது. அழுத்தவே வேண்டாம். மணிக்கட்டிலிருந்து விரல் நுனிவரை போகிற கொடி ஒன்றை முழுசாக இழுத்தேன். கட்டைவிரல் மூச்சு விடவில்லை.

“வலிக்கலங்க! கொஞ்சங்கூட வலிக்கல!” என்று கத்தியே விட்டேன்.

அடுத்து என் வீட்டுக்காரர் உட்கார்ந்தார். இத்தனை வருஷமாகக் கார்பன் தாள் வைத்து பில் எழுதுகிற கை அது. அடித்தாளிலும் விழ வேண்டுமே என்று ஊன்றி எழுதித்தான் பழக்கம். அதே ஊன்றலைத் திரையிலும் காட்டினார். கையெழுத்து கயிறு கயிறாகத் தடித்து வந்தது. பேனா முனை கிறீச்சிட்டது.

“அய்யோ, மெல்ல சேட்டா, மெல்ல! பொட்டிப் போகும், உடைஞ்சு போகும்!” என்று கடைக்காரர் ஓடி வந்து பேனாவைப் பிடுங்கினார். சின்னப் பலகையை நகர்த்தி வைத்தார். “சேட்டனுக்கு இது மதி, இது போதும்.”

அதில் அவர் கையெழுத்து அச்சுப்போல விழுந்தது. இப்போது வீடு ஓடுவதே அவர் சம்பளத்தில்தான், நான் எந்த வாயால் மறுப்பேன்?

“அதையே எடுங்க” என்றேன். கோபம் வேறு பொத்துக்கொண்டு வந்தது. “மனுஷனுக்கு இருக்கறது கையா, உலக்கையா?”

அவர் பெரிய திரையில் இன்னும் அழியாமல் கிடந்த என் கொடியைப் பார்த்தார். பிறகு அதன் முன்னாலேயே திரும்பவும் உட்கார்ந்து, ஓரத்தில் கையெழுத்துப் போட்டார். தடித்தது. அழித்தார். மறுபடி போட்டார். நாக்கைத் துருத்திக்கொண்டு, ஏசியிலும் வேர்த்துக்கொண்டு, போட்டதும் அழித்ததுமாக இருந்தார். கடைக்காரர் போய்ச் சாயா குடித்துவிட்டே வந்துவிட்டார். அதற்குள் கோடு கொஞ்சம் மெலிந்திருந்தது. அப்புறம் இன்னும் மெலிந்தது.

“இத பில் போடுங்க” என்று பெரியதைக் காட்டினார்.

“உங்க கையெழுத்து இன்னும் சரியா வரலையேங்க” என்றேன்.

“வரும். என் கைய நான் மாத்திக்கலாம் புள்ள. உன் விரல மாத்த முடியுமா?”

கடை என்றும் பார்க்காமல் அழுதுவிட்டேன். “அட, நாலு பேரு பாக்குறாங்க” என்று சொல்லிக்கொண்டே, பெட்டியை நெஞ்சோடு அணைத்துத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தார்.