மறுநாள் அவள் பள்ளிக்கு வந்தாள்

ஒரு குடும்பத்தை அதன் வீட்டிலிருந்து துரத்தியவள் நான். வட்டிக்கு விட்டுத் துரத்தவில்லை. அடியாள் வைத்துத் துரத்தவில்லை. ஒரு சினிமாவைப் பார்த்துவிட்டுத் துரத்தினேன்!

சிரிக்க வேண்டாம். அந்த மாதிரிப் படங்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஏழைப் பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கூடம்... புதிதாக வந்து சேரும் ஆசிரியர்... முதலில் அடங்காத வகுப்பு, கடைசியில் அவருக்காக எழுந்து நின்று அழுகிற வகுப்பு... நீங்களும் கண்ணைத் துடைத்திருப்பீர்கள். உங்களைக் குறை சொல்லவில்லை. நானும் துடைத்தவள்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டு நீங்கள் வீட்டுக்குப் போனீர்கள். நான் பள்ளிக்கூடத்துக்குப் போனேன்.

கோபிச்செட்டிப்பாளையத்தில் பிறந்து வளர்ந்த எனக்கு முதல் வேலை நெல்லியாளம் பக்கத்தில் ஒரு தோட்டப் பள்ளியில் கிடைத்தது. இலங்கையிலிருந்து கப்பலேறி வந்த தமிழர்களுக்காகக் காட்டைத் திருத்தித் தேயிலை நட்டுக்கொண்டிருந்த காலம் அது. அரசாங்கம் அவர்களைத் தாயகம் திரும்பியோர் என்றது. கடைவீதியில் சிலோன்காரங்க என்றார்கள். மண்டபம் முகாமில் காத்துக் கிடந்து, அங்கிருந்து மலையேறி வந்து, ஓயாத மழையில் நடுங்கிக்கொண்டு நின்ற மனிதர்கள்... அவர்களுடைய பிள்ளைகளுக்கு நான் டீச்சர்.

பள்ளிக்கூடம் என்பது ஒரு தகரக் கொட்டகை. மழை வலுத்தால் என் குரல் எனக்கே கேட்காது. அப்போதெல்லாம் பாடத்தை நிறுத்திவிட்டுச் சும்மா உட்கார்ந்திருப்போம். வருஷத்தில் பாதி நாள் மழை. நான் யாருக்கும் எதுவும் சொல்லிக்கொடுக்கவில்லை என்ற எண்ணம் என்னை அரித்துக்கொண்டே இருந்தது.

அந்த நேரத்தில்தான் கூடலூருக்குப் போய் அந்தப் படத்தைப் பார்த்தேன்.

அதில் ஓர் ஆசிரியர். பஞ்சாலைக்கு வேலைக்குப் போய்விட்ட தன் மாணவனைத் தேடி ஆலைக்கே போவார். வேண்டாம் சார், வேண்டாம் சார் என்று பையன் கையை உதறுவான். அவர் விடமாட்டார். தொழிலாளிகள் எல்லோரும் பார்க்க, முதலாளியின் முகத்துக்கு நேரே நின்று பேசுவார். முதலாளி தலைகுனிவார். மறுநாள் பையன் பள்ளிக்கு வருவான். படம் முடிந்துவிடும்.

மறுபடியும் போய்ப் பார்த்தேன். வகுப்பில் கதையாகவும் சொன்னேன். முதலாளி தலைகுனியும் இடத்தை ஏழாம் வகுப்புப் புஷ்பராணி நடித்துக் காட்டினாள். தோட்டத்து மேனேஜர் நடப்பதைப் போலவே வயிற்றைத் தள்ளிக்கொண்டு நடந்துவந்து, கழுத்தைத் தொங்கப்போட்டாள். வகுப்பே உருண்டு சிரித்தது. நானும் சிரித்தேன்.

புஷ்பராணியைப் பற்றி ஓர் உண்மையை இங்கேயே சொல்லிவிடுகிறேன். சினிமாவாக இருந்தால் அவள் வகுப்பிலேயே கெட்டிக்காரியாக இருந்திருப்பாள். அவளுக்கு வகுத்தல் கணக்கு வரவே வராது. வாசிக்கும்போது வரியைத் தாண்டிப் போய்விடுவாள். ஆனால் அவள் இருக்கிற நாளில் வகுப்பு கலகலவென்று இருக்கும். இல்லாத நாளில் மழைச் சத்தம்தான். இல்லாத நாட்கள் வரவர அதிகமாயின.

அவளைத் தேடி லயத்துக்குப் போனேன். லயம் என்றால் வரிசையாகக் கட்டிய ஒற்றையறை வீடுகள். சிலோனிலிருந்து அவர்கள் கொண்டுவந்த சொல். அவள் அம்மா ராமாயி சுவரில் சாய்ந்து இளைத்துக்கொண்டிருந்தாள். ஈரக்காற்று அவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. ஒரு வாக்கியத்தை முழுதாகச் சொல்ல அவளால் முடியவில்லை. அவள் புருஷன் காளிமுத்துதான் எல்லாவற்றையும் சொன்னார்.

குடும்பத்துக்கு இரண்டு பேருக்கு வேலை. இரண்டு பேரும் வேலைக்குப் போனால்தான் அந்த வீடு. பதிவேட்டிலிருந்து ஒரு பேர் விழுந்தால் வீடு போய்விடும். எனவே ராமாயியால் மலையேற முடியாத நாளில் புஷ்பராணி அம்மாவின் படங்குச் சாக்கை இடுப்பில் கட்டிக்கொண்டு, முக்காடு போட்டுக்கொண்டு போய் நிற்பாள். பிரட்டு என்றால் காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுப்பது. அங்கே பேர் கூப்பிடும்போது ராமாயி என்பார்கள். இவள் இருக்கேன் என்பாள். வேலை வாங்குகிற கங்காணிக்குத் தெரியும். மேனேஜருக்கும் தெரியும். பக்கத்தில் நிற்கிற பெண்கள் இவள் கூடையில் ஆளுக்கொரு கைக் கொழுந்து போட்டுவிடுவார்கள். தோட்டமே சேர்ந்து அந்த வீட்டைத் தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்தது.

"மழை விடுற வரைக்கும் டீச்சர். வெயிலு வந்தா அது எந்திரிச்சிரும்" என்றார் காளிமுத்து.

சரி என்றுதான் தலையாட்டிவிட்டு வந்தேன். ஆகவே எனக்கு எதுவும் தெரியாது என்று நினைத்துவிடாதீர்கள். எல்லாம் தெரியும்! தெரிந்துதான் செய்தேன்.

ஏன் செய்தேன்? இத்தனை வருஷமாக இதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்... அந்த வாரம் சென்னையிலிருந்து பெரிய அதிகாரி ஒருவர் தோட்டத்தைப் பார்க்க வருவதாகச் சொன்னார்கள். அவர் காதில் போட்டால் போதும், ராமாயிக்கு வைத்தியம், புஷ்பராணிக்குப் படிப்பு, வீடு நிரந்தரம் என்று ஒரே உத்தரவில் எல்லாம் நடந்துவிடும் என்று நம்பினேன். சத்தியமாக நம்பினேன். ஆனால் அது மட்டும்தானா? மேனேஜரின் ஆபீசுக்குப் போய்த் தனியாகச் சொல்லியிருக்கலாமே? அங்கே பார்க்க யாரும் இருக்கமாட்டார்களே! எனக்குக் கூட்டம் வேண்டியிருந்தது. அவர் வந்த அன்றைக்குக் கஞ்சி போட்ட வெள்ளைச் சேலையைத் தேடி எடுத்துக் கட்டிக்கொண்டேன். அதை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

பிரட்டுக் களத்தில் பனி இறங்கியிருந்தது. மேனேஜர், அதிகாரி, கங்காணி, வரிசையாகப் பெண்கள். ராமாயி என்று கூப்பிட்டார்கள். முக்காட்டுக்குள்ளிருந்து இருக்கேன் என்று குரல் வந்தது. நான் விறுவிறுவென்று போய் அவள் கையைப் பிடித்தேன்.

அவளுக்குப் புரிந்துவிட்டது. கதையைக் கேட்டவள் அல்லவா! கையை உருவப் பார்த்தாள். எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்:

"வேணாம் டீச்சர். அம்மா பேரு போயிரும்."

என்ன செய்தேன் தெரியுமா? எனக்குள் ஒரு சிலிர்ப்பு ஓடியது... படத்திலும் அந்தப் பையன் முதலில் வேண்டாம் என்றுதானே சொல்வான்! அவளும் சொல்கிறாள், எல்லாம் சரியாகத்தான் நடக்கிறது என்று நினைத்தேன். பிடியை இறுக்கிக்கொண்டேன்.

பேசினேன். நன்றாகவே பேசினேன். இவள் ராமாயி இல்லை, என் மாணவி புஷ்பராணி என்றேன். புத்தகம் சுமக்க வேண்டிய முதுகில் கூடையை மாட்டியது யார் என்றேன். கடல் தாண்டி வந்தும் இந்தப் பிள்ளைகளுக்கு விடிவில்லையா என்றேன். அதிகாரி மேனேஜரைத் திரும்பிப் பார்த்தார். மேனேஜர் தலைகுனிந்தார். படத்தில் குனிந்த மாதிரியே குனிந்தார்!

ஆனால் யாரும் கைதட்டவில்லை. அந்தப் பெண்கள் என்னைப் பார்த்தார்கள். வடித்து வைத்த சோற்றைத் தரையில் கொட்டியவளைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்கள். காளிமுத்து தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்து நின்றார்.

அதிகாரி நல்லவர். அதுதான் கொடுமை. என்னைப் பாராட்டினார். இப்படிப்பட்ட ஆசிரியைகள்தான் நாட்டுக்குத் தேவை என்றார். சின்னப் பிள்ளையை வேலைக்கு விடக்கூடாது என்று அங்கேயே உத்தரவு போட்டார். ராமாயியை டாக்டர் பார்த்து, மலை வேலைக்கு லாயக்கில்லை என்று எழுதிக்கொடுத்தார். பேர் விழுந்தது. மாதக் கடைசியில் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்றார்கள். அந்த வீட்டுக்காகக் காத்திருப்போர் நிறையப் பேர் இருந்தார்கள், இரண்டு ஆள் உள்ள குடும்பங்கள்.

மேனேஜரிடம் ஓடினேன். அழுதேன். அதிகாரி கண்ணால் பார்த்துவிட்டுப் போன பிறகு தன்னால் ஒன்றும் செய்ய முடியாது என்றார். அவரும் கோயம்புத்தூர்ப் பக்கத்து மனிதர். கோபித்துக்கொள்ளவில்லை.

"ஏனுங்க டீச்சர், ஆபீசுல வந்து எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமுங்களே" என்றார். அவ்வளவுதான்.

பிரட்டுக்கு மறுநாள் அவள் பள்ளிக்கு வந்தாள்.

காளிமுத்துதான் கூட்டிவந்தார். நீங்க கேட்டீங்களே டீச்சர், புள்ளைய கொண்டாந்துட்டேன், இனி ஒழுங்கா வரும் என்றார். குத்திக்காட்டுகிறாரோ என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை. டீச்சர் சொன்னால் கேட்க வேண்டும் என்று நினைக்கிற மனிதர்... திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்!

அந்த மாதம் முழுக்க அவள் ஒரு நாள் தவறாமல் வந்தாள். கூரையில் மழை அடிக்கும், வகுப்பு சும்மா உட்கார்ந்திருக்கும். யாராவது நடித்துக் காட்டச் சொல்வார்கள். அவள் மாட்டேன் என்று தலையசைப்பாள். வகுத்தல் கணக்கு அப்போதும் வரவில்லை. நான் அவள் பக்கம் திரும்பாமல் கரும்பலகையைப் பார்த்தே பாடம் நடத்தினேன்.

அவர்கள் புறப்படுகிற நாளன்று லாரியில் சாமான் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். கோத்தகிரிப் பக்கம் காய்கறித் தோட்டத்தில் அன்றாடக் கூலி கிடைக்கும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். தங்க இடம் உண்டா என்று யாருக்கும் தெரியவில்லை. ராமாயியை ஒரு மூட்டை மேல் சாய்த்து உட்கார வைத்திருந்தார்கள். புஷ்பராணி என்னிடம் வந்தாள். அழுவாள் என்று நினைத்தேன். அவள் ஒரு சந்தேகம் கேட்டாள்.

"அந்தப் படத்துல டீச்சர்... பையன் இஸ்கூலுக்கு வந்துட்டான்ல. அவன் வீடு என்னாச்சு?"

படத்துல அது வரலைம்மா என்றேன். சரிங்க டீச்சர் என்று சொல்லிவிட்டுப் போய் லாரியில் ஏறிக்கொண்டாள்.

அவர்களைத் தேடிக் கோத்தகிரிக்குப் போனாயா என்று கேட்பீர்கள். போகவில்லை. போய் என்ன சொல்வேன்? குன்னூருக்கு மாற்றல் வந்தது. அந்த அதிகாரியின் சிபாரிசுதான். பிறகு நல்லாசிரியர் என்ற பெயர், மேடை, சால்வை. போகிற இடத்திலெல்லாம் கொழுந்துக் கூடையிலிருந்து ஒரு சிறுமியை மீட்ட கதையைச் சொல்லச் சொல்வார்கள். சொல்வேன். பிரட்டு, வெள்ளைப் பனி, என் பேச்சு, மேனேஜரின் தலைகுனிவு... மறுநாள் அவள் பள்ளிக்கு வந்தாள் என்பதோடு நிறுத்திக்கொள்வேன். பொய் ஒன்றும் சொல்லவில்லையே! கைதட்டுவார்கள். இறங்கிவிடுவேன்.

போன மாதம் ஊட்டியில் ஆசிரியர்களுக்கு ஒரு படம் போட்டார்கள். அதுவும் அதே மாதிரிப் படம். ஏழைப் பிள்ளைகள், ஓர் ஆசிரியை. படம் முடிந்ததும் என்னைப் பேசக் கூப்பிட்டார்கள். இந்தத் தடவை முழுதையும் சொல்லிவிட வேண்டும் என்று முடிவு செய்துதான் எழுந்தேன். வயதாகிவிட்டது, இனி என்ன பயம்? மறுநாள் அவள் பள்ளிக்கு வந்தாள் என்றேன். அடுத்த வாக்கியம் நாக்கு நுனியில் நிற்கிறது... அதற்குள் கைதட்டல் எழுந்துவிட்டது. எல்லோரும் எழுந்து நின்றுவிட்டார்கள். அந்தச் சத்தத்தில் நான் உட்கார்ந்துவிட்டேன்.

வெளியே வரும்போது இளம் ஆசிரியை ஒருத்தி ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். பந்தலூர்ப் பக்கம் ஏதோ எஸ்டேட் பள்ளியாம். கண்ணெல்லாம் ஈரம். அவள் வகுப்பிலும் ஒரு பையன் வராமல் நின்றுவிட்டானாம். வீட்டில் அனுப்ப மறுக்கிறார்களாம்.

"நாளைக்கே போறேனுங்க மேடம். எல்லாரும் இருக்கிறப்பவே கேக்கப் போறேன். உங்க கதை கேட்டதும் தைரியம் வந்துருச்சு" என்றாள்.

முதலில் அந்தப் பையனைக் கேள் அம்மா, என்று சொல்லியிருக்க வேண்டும். தனியாகப் போய்ப் பேசு, என்றாவது சொல்லியிருக்க வேண்டும். வாயைத் திறந்தேன். அவள் முகத்தில் இருந்த வெளிச்சத்தைப் பார்த்தேன்... அது ஒரு காலத்தில் என் முகத்தில் இருந்தது. நல்லா இரும்மா என்று சொல்லி அவள் தலையைத் தொட்டேன். அவள் குனிந்து என் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று ஓடினாள்.

அவள் பெயரைக்கூட நான் கேட்டுக்கொள்ளவில்லை.